ஸ்காபரோ வீடொன்றை நாவலாக்குவது எப்படி?

அடையாளத்தைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு முகவரியைத்தான். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எத்தனை அறை, யார் எங்கே படுத்தார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் அடையாளத்தைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. வாடகை யார் கட்டுகிறார், தொலைபேசி அடித்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல யாரைக் கூப்பிடுகிறார்கள், எந்தக் கடதாசியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையெல்லாம் சரியாக எழுதினால் போதும். ‘நான் யார்’ என்று ஒரு பாத்திரம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய தேவையே வராது.

நான் 1989இல் ரொறன்ரோவுக்கு வந்தவள். நீண்ட காலம் அகதி விசாரணைகளிலும் மருத்துவமனைகளிலும் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். இப்போது சனிக்கிழமைகளில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில், நாவல் எழுத ஆசைப்படும் சிலரோடு உட்காருகிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த வீடுகளை வைத்தே சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். உங்களுடையது லண்டன் வீடோ பாரிஸ் வீடோ என்றால் விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேலை ஒன்றுதான்.

முதலில் வீட்டைக் கீறுங்கள்

ஒரு பெரிய தாளில் வீட்டின் அமைப்பைக் கீறுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. வாசல் எங்கே, குசினி எங்கே, சாமிப்படம் எந்த மூலையில், சப்பாத்துகளை எங்கே கழற்றி விடுகிறார்கள் என்று தெரிந்தால் சரி.

கதை 80களின் கடைசியில் தொடங்குகிறதென்றால் அந்த வீடு வெல்லெஸ்லி, பார்லிமென்ட் தெருக்களின் பக்கமுள்ள சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக்கட்டடம் ஒன்றில் இருக்கலாம். இரண்டு அறை. ஒன்றில் ஒரு குடும்பம். மற்றதிலும் ஹோலிலும் பெடியன்கள். இரவு வேலை முடித்து வருகிறவன் படுக்கிற மெத்தையில் அதுவரை பகல் வேலைக்குப் போகிறவன் படுத்திருந்திருப்பான். 90களில் அதே ஆட்கள் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, எக்ளின்ரன் பக்கமோ மார்க்கம் வீதிப் பக்கமோ மாறுகிறார்கள். பிறகு சொந்த வீடு, அதற்குக் கீழே வாடகைக்கு விட்ட நிலவறை. ‘பேஸ்மென்ட்’ என்றே எழுதுங்கள். யாரும் நிலவறை என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ரொறன்ரோ வீடுகளில் கீழேயிருக்கும், குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற சூளையிலிருந்து சூடான காற்று தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். அறைத் தரையில் ஒரு கம்பித் துவாரம் இருக்கும். சூளை ஓடாத நேரத்தில் அந்தக் குழாய் வழியாகப் பேச்சுக் கேட்கும். மேல்மாடியில் படுத்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை தரையில் காதை வைத்தால், குசினியில் அம்மாவும் அப்பாவும் குரலைத் தாழ்த்திச் சண்டை பிடிப்பது தெளிவாகக் கேட்கும். சூளை ஓடத் தொடங்கியதும் பாதியில் அறுந்துபோகும். குடும்ப ரகசியம் பிள்ளைக்கு எப்படித் தெரியவந்தது என்று யோசித்து மூளையைக் கசக்குகிறவர்களுக்கு நான் இந்தத் துவாரத்தைத்தான் காட்டுவேன். அரைகுறையாகக் கேட்டதை அந்தப் பிள்ளை தன்பாட்டில் நிரப்பிக்கொள்ளும். அந்த நிரப்பலில் ஒரு நாவலுக்கு வேண்டியது இருக்கிறது.

பேஸ்மென்டில் இருப்பவருக்கும் இதே வசதி உண்டு. பக்கவாசலால் வந்துபோகும் அந்த வாடகைக்காரருக்கு மேல்வீட்டுக் காலடிகளை வைத்தே ஆளைத் தெரியும். அவர் சொல்கிற மாதிரி ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். நாவலில் வராவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்காரர் தங்களைப் பற்றிச் சொல்லாததெல்லாம் அதில் வந்துவிடும்.

காசுக் கொப்பி

அடுத்தது காசு. கதை தொடங்குகிற மாதத்துக்கு வரவுசெலவு ஒன்று எழுதுங்கள். கோப்பை கழுவுகிற வேலையில் வந்தது எவ்வளவு, வார இறுதியில் டபுள் அடித்தது எவ்வளவு, வாடகை, பஸ் காசு, ஏஜென்சிக்கு, அதாவது காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறவனுக்கு, கொடுக்க வாங்கிய கடனின் வட்டி, ஊருக்கு அனுப்பியது, சீட்டுக்குக் கட்டியது.

சீட்டு எப்படி நடக்கிறதென்று விளங்காமல் அதை எழுதாதீர்கள். இருபது பேர் சேர்ந்து மாதம் 500 டொலர் கட்டினால் மாதாமாதம் 10,000 டொலர் சேரும். காசு அவசரமானவர் கழிவு கூறிக் கேட்பார்; ஆகக் கூடிய கழிவுக்குச் சம்மதிப்பவருக்கு அந்த மாதச் சீட்டு. 2,000 கழிவென்றால் அவர் கைக்கு வருவது 8,000. கழிந்தது மற்றவர்களுக்குப் பிரியும். தங்கச்சியை ஏஜென்சி இடையில் நிறுத்திவைத்திருக்கிறான் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்த மாதம், ஒருவர் எந்தக் கழிவுக்கும் தலையாட்டுவார். எதிரே உட்கார்ந்து கழிவைக் கூட்டிக் கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தால் உங்களுக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. இருவரும் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை.

அப்படியே மூத்தவனைப் பாருங்கள். நான் பார்த்த புலம்பெயர்ந்த வீடுகளில் கனக்க வீடுகளில் இந்த ஆள் இருக்கிறார். தம்பிமாரைக் கூப்பிட்டவர், தங்கச்சிமாருக்குச் சீதனம் கொடுத்தவர், நாற்பது தாண்டியும் தனியாக இருப்பவர். எழுத்தாளர்கள் அவரைத் தியாகியாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். அவருக்கும் கோபம் உண்டு, கணக்கு உண்டு, அதிகாரம் செய்யும் ஆசை உண்டு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவர் எழுதிவைத்திருக்கிறாரா, மனதில் வைத்திருக்கிறாரா? அதை முடிவுசெய்த பிறகு அவரைப் பற்றி எழுதத் தொடங்குங்கள்.

பெயர்

எங்கள் வழக்கில் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். கனடாப் படிவத்தில் ‘குடும்பப்பெயர்’ என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். சிவலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார், அவர் தகப்பன் முருகேசு என்று வைத்துக்கொள்வோம். கடதாசியில் அவருக்குக் குடும்பப்பெயர் முருகேசு. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயர் சிவலிங்கம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர். ‘நீங்கள் இந்தப் பிள்ளையின் தகப்பன்தானா’ என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் கேட்பார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் நாள் முழுக்க அவரை ‘முருகேசு’ என்று கூப்பிடுவார். ஊரில் செத்துப்போன தகப்பனின் பெயர் அது; மகன் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியாமற்போன ஒருவருக்கு அந்தக் கூப்பிடுதல் எப்படிக் கேட்கும்? விளக்கவுரை எழுதாமல் அந்த மேற்பார்வையாளரை மட்டும் கூப்பிட வையுங்கள்.

வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள், வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியவர்கள் என்று இன்னும் பலர் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நாவலில் திணிக்காதீர்கள். ஒன்றை எடுத்து அதன் அடிவரை போங்கள்.

விசாரணையில் சொன்ன கதை, வீட்டில் சொன்ன கதை

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். அகதியாக வந்த ஒவ்வொரு வீட்டிலும் வந்த கதைக்குக் குறைந்தது இரண்டு வடிவங்கள் உண்டு.

கனடாவில் 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அகதி கேட்பவர் தன் கதையை நேரில் சொல்ல உரிமை உறுதியானது. 1989இல் அந்தக் கதைகளைக் கேட்டு முடிவு சொல்லும் அகதிச் சபை அமைந்தது. 2012 டிசம்பரில் முறை மாறும்வரை, வந்தவர் முதலில் ஒரு தனிநபர் விவரப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் ஆட்கள் அதைக் ‘கேஸ் எழுதுறது’ என்பார்கள். எந்தத் திகதி, எந்தச் சோதனைச் சாவடி, யார் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள். பிறகு ஹியரிங்கில் அதே கதையைத் திகதி பிசகாமல் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது இறுகிப்போகும். வீட்டில் சொல்லும் கதை வேறு. அதில் திகதி இருக்காது. பகிடி இருக்கும், பாதை முழுக்கச் சாப்பிட்ட பாணைப் பற்றி இருக்கும், மிக மோசமான இரவு இருக்கவே இருக்காது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. அந்த நேரத்துக் கனடாப் பத்திரிகைகள் அந்த மாற்றத்தைப் பெரிதாக்கின. நாவல் எழுதுகிறவர் அந்தப் படகில் இருந்த ஒருவரின் தலைக்குள் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தோடு, நனைந்த உடுப்போடு, முதல் கேள்விக்கு வாயைத் திறக்கிறார். அந்தப் பதில் பிறகு முப்பது வருடம் அவருடைய வீட்டில் என்ன செய்தது?

செய்ய வேண்டிய பயிற்சி இது. உங்கள் முதன்மைப் பாத்திரத்தின் கேஸை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வறண்ட மொழியில், திகதிகளோடு. பிறகு அதே பயணத்தை அவர் கலியாண வீடொன்றில் நண்பர்களுக்குச் சொல்வதாக எழுதுங்கள். இரண்டிலும் வராதது என்ன என்று கண்டுபிடியுங்கள். அதை மூன்றாவது தாளில் எழுதி மடித்து வையுங்கள். நாவல் அந்தத் தாளைச் சுற்றித்தான் நடக்கும்.

அந்த உண்மை பிள்ளைக்கு எப்படித் தெரியவரும்? பெட்டிக்குள் பழைய கடிதம் கிடைப்பதாக மட்டும் எழுதாதீர்கள். அலுமாரியைத் திறந்தால் கடிதம் விழும் நாவல்கள் போதுமானவை வந்துவிட்டன. படிவங்கள் எங்கள் வீடுகளில் அந்த வேலையைச் செய்கின்றன. அம்மம்மாவை ஸ்பொன்சர் பண்ணும்போது குடும்ப விவரப் படிவம் ஒன்று உண்டு. சகோதரர்கள் எல்லோரையும், இறந்தவர்களையும் சேர்த்து எழுதச் சொல்லும். ஆங்கிலம் தெரிந்த பேத்திதான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிரப்புவாள்.

“அம்மம்மா, உங்களுக்கு எத்தினை சகோதரம்?”

“அஞ்சு பேர்.”

“அம்மா நாலு எண்டெல்லோ சொன்னவா.”

“அவவுக்கு என்ன தெரியும்? அவ பிறக்க முந்தி நடந்தது. எழுது மோனை. பரமேஸ்வரி.”

“அவவுக்கு என்ன நடந்தது?”

“அதையும் கேக்கினமோ?”

“செத்த திகதி கேக்கினம்.”

“அப்ப திகதியை மட்டும் எழுது.”

இதற்குப் பிறகு பேத்தி அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். படிவத்தில் இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன. உடனே அழுகையும் விளக்கமும் வந்தால் காட்சி கெட்டுவிடும்.

பேச்சு

யாழ்ப்பாண வீட்டுப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. கணவன் மனைவியை ‘நீர்’ என்பார். மனைவி கணவனை ‘நீங்கள்’ என்பார், அல்லது ‘இஞ்சருங்கோ’ என்று கூப்பிடுவார். பிள்ளைகள் தகப்பனை ‘நீங்கள்’ என்பார்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு ‘நீர்’ விளங்கும், ஆனால் வாயில் வராது. கோபத்தில் அப்பா ‘நீர்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கினால் வீட்டில் எல்லோரும் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். கத்தினார், சீறினார் என்று எழுத வேண்டியதில்லை.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு விதியை வகுத்துக்கொண்டு கடைசிவரை காப்பாற்றுங்கள். என் விதி இது: ஆங்கிலத்தில் சொன்னதைப் பொதுத் தமிழில், சிறு வாக்கியங்களாக, முறைப்பெயர் சேர்க்காமல் எழுதுவேன். தமிழில் சொன்னதை யாழ்ப்பாணப் பேச்சாகவே எழுதுவேன். இரண்டு பக்கத்தில் வாசகருக்குப் பிடிபட்டுவிடும். ஆங்கில வாக்கியங்களை அப்படியே தமிழ் எழுத்தில் அடுக்கினால் கண் களைத்துவிடும். ‘லீஸ்’, ‘ஷிஃப்ட்’, ‘ஸ்பொன்சர்’ போன்றவை வேறு. அவை தமிழ்ப் பேச்சுக்குள் வந்து குடியேறிய சொற்கள்.

பிள்ளைகள் பெற்றோருக்கு உரைபெயர்ப்பதை அவசியம் எழுதுங்கள். நான் சம்பளத்துக்குச் செய்த வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வங்கியிலும் வைத்தியரிடமும் செய்கிறார்கள். தாய்க்கு வந்திருக்கும் நோயை மகன் தன் வாயால் தாய்க்குச் சொல்ல வேண்டிவரும். அவன் என்ன சொல்லைத் தெரிவுசெய்கிறான், எதை விட்டுவிடுகிறான், வைத்தியர் எவ்வளவு நேரம் பேசினார், அவன் எவ்வளவு சுருக்கமாகச் சொன்னான். தாய்க்கு அந்த வித்தியாசம் தெரியும். இந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள்.

காலக்கணக்கு

சிறு பிழை ஒன்று வாசகரை வெளியே தள்ளிவிடும். 1993இல் ஒருவர் உண்டியலில் இரண்டு டொலர் நாணயம் போட முடியாது; அது 1996இல்தான் வந்தது. ஸ்காபரோ 1997 முடியும்வரை தனி நகரம். 1998 ஜனவரி 1இல்தான் ரொறன்ரோவோடு சேர்ந்தது. ஸ்காபரோ ஆர்ரி ரயில் 1985இல் தொடங்கி 2023 ஜூலையில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஆகஸ்டில் மூடியது. அந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் முதன்முதலாகத் தரைவழியாக யாழ்ப்பாணம் போனார்கள். 2003 ஆகஸ்ட் 14இல் ஒன்டாரியோவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. லிஃப்ட் இல்லை, தொலைக்காட்சி இல்லை. கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்த அம்மம்மாதான் அன்றிரவு வீட்டில் பதறாத ஒரே ஆளாக இருந்திருப்பார். இப்படி ஒரு நாளைச் சும்மா விடலாமா?

இலங்கையில் போர் முடிந்த 2009ஐ எழுதுகிறவர்களுக்கு ஒன்று. மே 10, ஞாயிற்றுக்கிழமை, போரை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான தமிழர் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அதை மறித்தார்கள். கனடாவில் அன்று அன்னையர் தினம். பிள்ளைவண்டியோடு வந்த தாய்மார் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி எழுதினால் செய்தியறிக்கையாகிவிடும். உங்கள் வீட்டில் யார் போனார், யார் வேலைக்குப் போனார், யார் போக வேண்டாம் என்று வாசலை மறித்தார், இரவு எத்தனை மணிக்குத் திரும்பிவந்தார்கள், யார் கதவைத் திறந்தார்? அதை எழுதுங்கள்.

கதையை எது இழுத்துப்போகும்?

மதிய உணவுப் பெட்டியைத் திறக்க மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பது, வெள்ளைக்காரக் காதலன், கடைசியில் ஊருக்குப் போய் மண்ணைத் தொடுவது: இவை மூன்றும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். நடக்காதவை என்று சொல்ல வரவில்லை. வாசகர் உங்களுக்கு முன்னமே அங்கே போய் நின்றுவிடுவார்.

காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுங்கள். யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குத் தேசவழமைச் சட்டம் இருக்கிறது. மணமான பெண் சீதனமாகப் பெற்ற வீடு அவள் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதை விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இப்போது யோசியுங்கள். அம்மாவின் சீதன வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. அம்மாவும் அப்பாவும் ஸ்காபரோவில் பத்து வருடமாக வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள். விவாகரத்து எடுக்கவில்லை, ஊரில் யாருக்கும் தெரியாது. மகனுக்கு இங்கே வீடு வாங்க முன்பணம் வேண்டும். அம்மா அந்தக் கையெழுத்தைக் கேட்கப் போவாரா? யாரை அனுப்புவார்? அப்பா பதிலுக்கு என்ன கேட்பார்? ஊர் வீட்டில் இப்போது குடியிருக்கும் சித்தி என்ன சொல்வார்? குடும்பம், நாடு, அடையாளம் எல்லாம் ஒரு கையெழுத்துக்குள் வந்துவிட்டன. ஒரே குடும்பத்தில் நாலு பேரும் நியாயமாகப் பேசுவார்கள். நாலு பேருக்கும் அந்த நியாயத்தைக் கொடுக்க முடியாவிட்டால் இன்னும் எழுதத் தொடங்காதீர்கள்.

உயிரோடு இருப்பவர்கள்

விசாரணை அறையில் கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்தவள் நான். அங்கே கேட்ட ஒரு கதையும் இதில் இல்லை, என் நாவலிலும் இல்லை. உங்களுக்கு அப்படி உறுதிமொழி எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் அக்காவுக்கு நடந்ததை அக்கா யாருக்கும் சொல்லவில்லை என்றால் அதை எழுதாதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர்ச் சனம் பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் வைத்தே ஆளைப் பிடித்துவிடும். ஊரில் இன்னும் இருப்பவர்களுக்கு அது மானக்கேட்டோடு முடியாமல் ஆபத்தாகவும் போகலாம். சகோதரர் எண்ணிக்கை, ஊர், வருடம், வேலை எல்லாவற்றையும் மாற்றுங்கள். சம்பவத்தின் எலும்பு உங்களுக்கு வேண்டும். அதன் முகம் வேண்டாம்.

எழுதி முடித்த பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அறுபது தாண்டியவர், அந்தக் காலத்தில் அந்த மாடிக்கட்டடத்தில் இருந்தவர். அவரை விலை, பஸ் இலக்கம், சொல்வழக்கு, சடங்கு ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண் தெரியாதென்றால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறாரோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர் இங்கே பிறந்த, தமிழ் தட்டுத்தடுமாறி வாசிக்கிற ஒரு பிள்ளை. பிள்ளைப் பாத்திரங்கள் பேசுவது பொய்யாக இருந்தால் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இருவரும் சொன்னதைக் குறித்துக்கொண்டு, பிரதியை ஒரு மாதம் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.